லண்டனிலிருந்து அப்பாவுக்கு: சின்ன கம்பெனியில் என் வேலை

லண்டன்
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெரியப்பா வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், கம்பெனிப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை, நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று அப்பா போனில் கேட்டீர்கள். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இன்று ஞாயிற்றுக்கிழமை, சமையலும் முடிந்துவிட்டது. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

கன்சல்டிங் என்றதும் நம் வீட்டில் எல்லோருக்கும் பெரிய கம்பெனிகள்தான் நினைவுக்கு வருகின்றன. மெக்கின்சி 1926இல் சிகாகோவில் தொடங்கியது, போஸ்டன் கன்சல்டிங் குரூப் 1963இல். அவர்கள் வங்கி, மருத்துவமனை, சிமென்ட், விமானம் என்று எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்வார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள். நாங்கள் மொத்தம் நாற்பது பேர்கூட இல்லை. கிளார்கன்வெல் என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு மாடிகள், அவ்வளவுதான் அலுவலகம். தண்ணீர், மின்சாரம், ரயில் போன்ற, அரசு விலை நிர்ணயிக்கும் சேவைகளைத் தவிர வேறு எதையும் நாங்கள் தொடுவதில்லை. நான் தண்ணீர்ப் பிரிவில் இருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் குடிநீர் வடிகால் வாரியத்தில் உழைத்தவரின் மகள் கடைசியில் இந்த வேலைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று நீங்கள் பெரியப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இங்கே நிலைமை நம் ஊர் போல இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989இல் குடிநீரையும் கழிவுநீரையும் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே 1984இல் டெலிபோனும் 1986இல் காஸும் போய்விட்டன. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தண்ணீர் இன்னும் அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. வீட்டுக்கு வருவது ஒரே குழாய். பிடிக்கவில்லை என்று அடுத்த கம்பெனிக்கு மாற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ள விடலாமா? அதற்காகத்தான் ஆஃப்வாட் என்ற ஒழுங்குமுறை ஆணையம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்பெனியும் எவ்வளவு செலவழிக்கலாம், மக்களிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்று அது தீர்மானிக்கும். கடைசியாக 2024 டிசம்பரில் தீர்மானித்தார்கள். அது 2030 மார்ச் வரை செல்லும்.

அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்குதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆணையம் எல்லாக் கம்பெனிகளின் செலவையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. குழாயின் நீளம் எவ்வளவு, எத்தனை வீடுகள், மக்கள் நெருக்கம் எப்படி, தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றையும் புள்ளியியல் முறையில் பொருத்தி, 'இந்தப் பகுதிக்கு இவ்வளவு செலவு நியாயம்' என்று ஒரு தொகை வரும். அதற்கு மேல் ஆகும் செலவை முழுவதுமாக மக்களிடம் வாங்க அனுமதி கிடைக்காது. உடனே ஒரு கம்பெனி, 'எங்கள் பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பம்புக்கு மின்சாரம் அதிகம் ஆகிறது' என்று முறையிடும். அது உண்மையா, உண்மையென்றால் எத்தனை பவுண்டு உண்மை என்று எண்ணில் காட்டுவது என் வேலை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். வடக்கே ஒரு தண்ணீர்க் கம்பெனியின் அலுவலகத்தில் கூட்டம். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பொறியாளர் எங்கள் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "இந்த மண்டலத்துக்கு நீரேற்ற உயரம் இவ்வளவு குறைவாக இருக்க முடியாது. மலைமேல் இருக்கும் கிராமங்களுக்கு நாங்கள்தான் தண்ணீர் அனுப்புகிறோம்" என்றார். எங்கள் பார்ட்னர், அதாவது கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவரான என் மேலதிகாரி, பதில் சொல்லவில்லை. "கணக்குப் போட்டவர் இங்கேயே இருக்கிறார், அவரே சொல்வார்" என்று என் பக்கம் திரும்பினார். அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள் நான் ஒருத்திதான். நான் எழுந்து நின்றே விளக்கினேன். சராசரி என்பது ஏற்றப்படும் தண்ணீரின் அளவை வைத்து எடுக்கப்படுகிறது. மலைக் கிராமங்களுக்கு உயரம் அதிகம் என்றாலும் போகிற தண்ணீர் கொஞ்சம். கீழே இருக்கும் நகரத்துக்குப் போகிற பெரும் அளவு சராசரியை இழுத்துவிடுகிறது. அந்தக் கிராமங்களின் செலவை இந்த ஒரு எண் காட்டாது, அதனால்தான் நீரேற்று நிலையங்களின் எண்ணிக்கையையும் குழாய் நீளத்தையும் சேர்த்து இன்னொரு வழியில் காட்டியிருக்கிறோம் என்று அடுத்த பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அந்த மலைக் கிராமத்து நீரேற்று நிலையத்துக்கே போனார். கல் சுவர் வைத்த சின்ன அறை. உள்ளே இரண்டு பம்பு, ஒன்று ஓடுகிறது, ஒன்று மாற்று. உறிஞ்சு பக்கத்தில் ஒரு அழுத்தமானி, வெளியேறும் பக்கத்தில் ஒன்று. இரண்டையும் பார்த்து வித்தியாசத்தை எடுத்து, 'பார்' என்ற அழுத்த அலகு ஒன்றுக்குப் பத்து மீட்டருக்குச் சற்று மேல் என்று பெருக்கி நான் உயரத்தைச் சொன்னதும், "இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். கொள்ளிடக் கரை நீரேற்று நிலையத்தில் என் அப்பா சொல்லிக்கொடுத்தார், அப்போது எட்டாம் வகுப்பு படித்தேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மறைத்துப் பேசியதே இல்லை. எந்த நிலையத்தில் மீட்டர் பழுது, எந்த அளவு வெறும் மதிப்பீடு என்று எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் அறிக்கை நேர்மையாக அமைந்ததற்கு அந்தப் பேச்சு பெரிய காரணம்.

பெரிய கம்பெனியில் சேர்ந்திருந்தால் அந்த அறைக்குள் என்னை விட்டிருப்பார்களா என்பது சந்தேகம். அங்கே என் வயதுக்காரர்கள் ஸ்லைடு தயாரித்து மேலே அனுப்புவார்கள், அது நாலு கை மாறி வாடிக்கையாளரிடம் போகும் என்று அங்கே வேலை பார்க்கும் தோழி சொல்கிறாள். அவளுக்கு முறையான பயிற்சி வகுப்புகள் உண்டு, பல நாடுகளுக்கு மாறிப் போகும் வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அதெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆனால் நான் போட்ட எண்ணுக்கு நானே பதில் சொல்கிறேன். அப்பா, எனக்கு இந்த இடம் பிடித்திருப்பதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை.

பதில் சொல்ல வேண்டும் என்பதால் சரிபார்ப்பும் கடுமை. எக்செலில் வெளியிலிருந்து வரும் எண்களை நீல நிறத்திலும் சூத்திரங்களைக் கறுப்பிலும் எழுதுவோம். அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, நீல எண் ஒவ்வொன்றுக்கும் 'எங்கிருந்து வந்தது?' என்று கேட்பார். மூல ஆவணத்தையும் பக்க எண்ணையும் காட்டாமல் அவர் நகர மாட்டார். இரவு ஒன்பது மணிக்கு அதைச் செய்யும்போது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணைத்தான் எதிர்த் தரப்பு பொருளாதார நிபுணர் முதலில் குடைவார்.

அம்மா ஒருமுறை கேட்டாள், காசு கொடுக்கிறவன் சொல்கிறபடிதானே எழுதுவீர்கள் என்று. அந்தக் கேள்வி நியாயமானது, நானும் சேர்வதற்கு முன் அதையே யோசித்தேன். ஒரு வாடிக்கையாளர் சில கோரிக்கைகளை முன்வைக்க விரும்பினார். அதில் ஒன்றுக்கு ஆதாரம் போதவில்லை. பார்ட்னர் நேரில் போய், இதை எங்கள் பெயரில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் கோபப்பட்டார்கள், பிறகு அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். இந்தத் துறையில் எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள். ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் அறிக்கையை ஒருமுறை நம்பாமல் போனால் அடுத்த அறிக்கைக்கு மதிப்பில்லை, எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அதோடு கதை முடிந்தது. எல்லாச் சின்ன கம்பெனியும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. என் மேலே இருப்பவர்கள் இப்படி நடக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொரு வினோதம். என் அடுத்த மேஜையில் இருப்பவர் வேறொரு தண்ணீர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறார். அவருடைய கோப்புகளை என் கணினியில் திறக்க முடியாது, என்னுடையதை அவரால் முடியாது. சாப்பிடும்போது பிள்ளைகள், கிரிக்கெட், வீட்டு வாடகை எல்லாம் பேசுவோம், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கஷ்டங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். தினமும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று டைம்ஷீட்டில் கால் மணிக் கணக்கில் பதிய வேண்டும். நீங்கள் மணிக்கொருமுறை வோல்ட், ஆம்பியர், அழுத்தம் எழுதிய லாக் புத்தகம் மாதிரிதான், இங்கே பம்புக்குப் பதில் நான். வாடிக்கையாளரிடம் பில் போடக்கூடிய மணி நேரம் குறைந்தால் மாதக் கடைசியில் கேள்வி வரும். வேலையும் சீராக வருவதில்லை. விலை நிர்ணய ஆண்டில் சனி ஞாயிறு கிடையாது, முடிந்ததும் சந்தை மந்தமாகிவிடும். இந்த முறை ஐந்து கம்பெனிகள் ஆஃப்வாட் தீர்மானத்தை ஏற்காமல், இப்படிப்பட்ட முறையீடுகளை விசாரிக்கும் போட்டி ஆணையத்துக்குப் போனதால் எங்களுக்கு வேலை தொடர்கிறது. போதாக்குறைக்கு, தண்ணீர்த் துறையை ஆராய ஜான் கன்லிஃப் தலைமையில் அமைத்த குழு ஜூலையில் கொடுத்த அறிக்கையை ஒட்டி, ஆஃப்வாட்டையே கலைத்துப் புது அமைப்பு கொண்டுவருவோம் என்று அரசு சொல்லியிருக்கிறது. புது அமைப்பு வந்தால் புதுக் கணக்கு வேண்டும், வேலை இருக்கும் என்கிறார் பார்ட்னர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். என் விசா இந்தக் கம்பெனியோடு கட்டியது. வேலை போனால் பொதுவாக அறுபது நாளுக்குள் இன்னொரு கம்பெனி என்னை ஏற்க வேண்டும். அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்திருக்கிறேன். அதைத் தொடாமல்தான் உங்களுக்கு அனுப்புகிறேன், கவலைப்பட வேண்டாம்.

என்னை அடிக்கடி யோசிக்க வைப்பது வேறு விஷயம். நான் குடியிருக்கும் ஈஸ்ட் ஹாம் வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துப் பாட்டி, ஓய்வூதியத்தில் வாழ்கிறார். ஏப்ரலில் தண்ணீர் பில் வந்ததும் என்னிடம் நீட்டி, "பிள்ளை, இது ஏன் இவ்வளவு ஏறினது?" என்று கேட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சராசரி வீட்டு பில் ஆண்டுக்கு 480 பவுண்டிலிருந்து 603 பவுண்டாக ஏறியிருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்துக் குழாய்களை மாற்ற வேண்டும், சுத்திகரித்த தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கசிந்து போகிறது, மழைக் காலத்தில் ஆற்றில் கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டும் என்று காரணம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "முப்பத்தஞ்சு வருஷமா வாங்கின காசு எங்க போனது?" என்றார். அந்தக் கேள்வி நாட்டில் எல்லோரும் கேட்பதுதான், அதற்கு என் எக்செலில் விடை இல்லை. என் திரையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒரு இலக்கம் அவருடைய கையில் இருக்கும் காகிதத்தில் வந்து நிற்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு சரிபார்ப்பவர் கேட்கும் கேள்விகளில் எனக்கு அலுப்பு குறைந்திருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு செய்தி. எங்கள் அலுவலகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நியூ ரிவர் ஹெட் என்ற இடம். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஊற்றுகளிலிருந்து லண்டனுக்குக் குடிநீர் கொண்டுவர வெட்டிய கால்வாய் 1613இல் அங்கேதான் வந்து முடிந்தது. அறுபது கிலோமீட்டருக்கு மேல், பம்பு கிடையாது, மேட்டின் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து தானாகவே ஓடிவந்தது. அதன் பெரும்பகுதி இன்னும் லண்டனுக்குத் தண்ணீர் தருகிறது. நீங்கள் இங்கே வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.

உங்களிடம் ஒரு உதவியும் வேண்டும். நீங்கள் இருந்த நீரேற்று நிலையத்தில் இரவிலும் பகலிலும் மின் அழுத்தம் மாறும்போது பம்பின் திறன் எவ்வளவு குறைந்தது என்று பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தீர்களே, அதைத் தேடிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பியிடம். இங்கே அறிக்கையில் போடுவதற்கு அல்ல. இங்கே கிடைக்கும் அளவுகளோடு வைத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்கே வேண்டும்.

பொங்கலுக்கு வர முடியாது. போட்டி ஆணையத்து வேலை முடிந்ததும் இரண்டு வாரம் விடுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அப்போது வருகிறேன். அம்மா, மூட்டு டாக்டரிடம் மறுபடி போகும்போது பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ. பணம் செவ்வாய்க்கிழமை வந்து சேரும்.

அன்புடன்,
உங்கள் மகள்