மூன்றாம் வகுப்பு பெற்றோர் கவனத்துக்கு: சனிக்கிழமை கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பறையிலேயே பெற்றோர் கூட்டம். பேசப்போவது ஒரே விஷயம்: வகுப்பில் பிள்ளைகளின் நடத்தை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளையில் சத்தமும் தள்ளுமுள்ளும் கூடிவிட்டது. போன வாரம் ஒரு பென்சில் டப்பாவுக்கு நடந்த இழுபறியில் ஒரு குழந்தையின் கையில் நகக்கீறல். "ரெண்டு அடி போடுங்க டீச்சர்" என்று சிலர் சொல்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அடிக்குப் பயந்து அடங்கும் பிள்ளை சந்தேகம் கேட்கவும் பயப்படும்.

1. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது ஒருவர் கட்டாயம் வரவும்.
2. பிள்ளைகளே சொல்லும் நான்கு விதிகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டப்போகிறோம். இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கேட்டு ஒன்று அனுப்புங்கள். "ஓடாதே" என்பதைவிட "நடந்து போவோம்" நல்லது.
3. நேரத்தோடு தூங்க வையுங்கள்.
4. எந்தப் பிள்ளையின் பெயரையும் குழுவில் போட வேண்டாம். புகார் இருந்தால் டீச்சரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

வியாழன் இரவுக்குள் "வருகிறேன்" என்று பதில் போடவும். வேலைக்குப் போகிறவர்கள், எந்த நேரம் தோதுப்படும் என்று சொல்லுங்கள். டீச்சரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

- பெற்றோர் குழு ஒருங்கிணைப்பாளர்