நடை சாத்தும் நேரத்தில் வந்து சேரும் பயணிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, கன்னியாகுமரிச் சுற்றுலா பற்றிய பேச்செல்லாம் படகுத்துறையைச் சுற்றியே நடக்கிறது. பாலத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இவ்வளவு தொலைவு வருகிறவர்கள் இந்த மாவட்டத்தின் கோயில்களில் பாதியைக்கூடப் பார்க்காமல், பார்க்கப் போன ஒன்றிரண்டிலும் சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இதைப் பெரிய செலவில்லாமலே சரிசெய்யலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

வேன்களிலும் தனிப் பேருந்துகளிலும் வருகிறவர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைகிறது. விடியலில் முக்கடல் கூடும் இடத்தில் சூரிய உதயம், அவசரமாக ஒரு சிற்றுண்டி, பிறகு காலை எட்டு மணிப் படகுக்கு வரிசை. விடுமுறை நாள்களில் அந்த வரிசை கடைத்தெரு வரை நீண்டுவிடுவதால், பாறையையும் சிலையையும் பார்த்துக் கரைக்குத் திரும்பும்போது உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. அதன் பிறகு சுசீந்திரத்துக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும்போது அங்கே நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் வரை காத்திருக்க நேரமில்லாமல் வேன் திருச்செந்தூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கிளம்பிவிடும்.

சென்ற தை மாதம் சுசீந்திரம் தெப்பக்குளத்தின் கரையில் இதை நேரிலேயே கண்டேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர், வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி வந்து, மூடிய வாசலுக்கு முன்னால் நின்றார்கள். ஆஞ்சநேயருக்குச் சாத்த ஊரிலேயே கட்டிக்கொண்டு வந்த வடைமாலை வாழை இலைப் பொதிக்குள் இருந்தது. 'இனி அஞ்சு மணிக்குத்தான் திறப்பாங்க, பாட்டி' என்று பூக்கடைக்காரர் சொன்னதும், அந்த அம்மா ஓட்டுநரைத்தான் பார்த்தார். ஓட்டுநரோ கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையை அந்தப் பூக்கடைக்காரரிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

தாணு, மால், அயன் என மும்மூர்த்திகளையும் ஒருசேர வழிபடும் தலம் அது. ஏழு நிலைக் கோபுரத்தையும், தட்டினால் இசைக்கும் தூண்களையும், பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயரையும் அரைமணி நேரத்தில் சுற்றிவிட்டு வருவதே அநியாயம் என்பது என் எண்ணம். அந்த அரைமணிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்குத் தீர்வாக நண்பகலிலும் நடையைத் திறந்து வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பு இந்த மாவட்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததால், இங்குள்ள பெரிய கோயில்கள் பலவற்றில் பூசை முறையும் நடை நேரமும் அந்த மரபை ஒட்டியே இன்றும் நடக்கின்றன. ஆண்கள் மேலாடையைக் களைந்துவிட்டு உள்ளே போவதும் அதன் ஒரு பகுதிதான். அதிகாலையில் திறந்து, உச்சி பூசை முடிந்து சாத்தி, சாயங்காலம் மீண்டும் திறக்கும் ஒழுங்கைப் பயணிகளின் வசதிக்காக மாற்றத் தேவையில்லை. பயணத்தின் வரிசையை மாற்றினால் போதும்.

படகு நண்பகலிலும் ஓடும். கோயில் நண்பகலில் திறந்திருக்காது. எனவே விடியலில் உதயம் பார்த்த கையோடு பகவதி அம்மனைத் தரிசித்துவிட்டு, பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுசீந்திரத்துக்குப் போய், அங்கிருந்து நாகர்கோவில் நாகராஜா கோயிலையும் பார்த்துவிட்டுப் பகலில் படகுத்துறைக்குத் திரும்புவதே இயல்பான முறை. (நாகராஜா சன்னதிக்கு இன்றும் ஓலைக்கூரைதான், பிரசாதமாகத் தருவதும் சன்னதியின் ஈரமண்தான். வெளியூர்க் குழந்தைகள் இதை எவ்வளவு வியப்போடு கேட்கிறார்கள் என்பது உள்ளூரில் இருக்கும் நமக்கு மறந்துவிடுகிறது.) உச்சி வெயிலில் பாறையின் தரை சுடும், அங்கே காலணியும் அணிய முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. நடைபாதை முழுவதும் தென்னைநார் விரிப்பும், வரிசை நிற்கும் இடத்தில் நிழற்கூரையும் அமைத்தால் அது தீரும். கடல் கொந்தளிப்பாலோ நீர்மட்டம் தாழ்வதாலோ படகு நிறுத்தப்படும் நாள்களில், துறைமுகப்பில் மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பவர்களுக்கு வட்டக்கோட்டையோ மருந்துவாழ் மலையோ பக்கத்திலேயே இருப்பதை எடுத்துச் சொல்லவும் அங்கே ஓர் ஆள் வேண்டும்.

மேற்குப் பகுதிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கியாக வேண்டும். அங்கும் நேரம்தான் சிக்கல். தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் திங்கட்கிழமையில் போய் ஏமாந்தவர்கள் எங்கள் உறவினர்களிலேயே உண்டு. காலையில் அரண்மனையைப் பார்த்துவிட்டு, பகல் நேரத்தை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் திற்பரப்பு அருவிக்கும் வைத்துக்கொள்ளலாம். 1960களில் காமராசரின் முயற்சியால் உருவான தொட்டிப்பாலம், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் பாசனநீரைக் கொண்டுபோகிறது. அதன் மேல் நடந்து கீழே தென்னந்தோப்புகளைப் பார்ப்பதற்கு இணையான காட்சி இந்த மாவட்டத்தில் வேறு இல்லை என்றே சொல்வேன். நடக்க முடிந்தவர்கள் சிதறால் மலைக்கும் ஏறலாம். சமணப் பள்ளியாக இருந்து பிறகு பகவதி கோயிலாகவும் ஆன அந்தக் குன்றின் பாறையில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அன்றைய நாளைத் திருவட்டாறில்தான் முடிக்க வேண்டும், அதுவும் சாயங்காலம் நடை திறந்த பிறகு. நம்மாழ்வார் பாடிய, 108 திவ்விய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்தில், ஆதிகேசவப் பெருமாள் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். 22 அடி நீளத் திருமேனியை ஒரே பார்வையில் காண முடியாது. மூன்று வாசல்கள் வழியாகப் பகுதி பகுதியாகச் சேவிக்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தபோது மட்டும் கூட்டம் அலைமோதியது. இப்போது வேலை நாள்களில் ஒற்றைக்கல் மண்டபத்தில் நின்று நிதானமாகப் பார்க்க இடம் தாராளமாக இருக்கிறது. மாத்தூரிலிருந்து திருவட்டாறு வெறும் மூன்று கிலோமீட்டர்தான் என்பது தொட்டிப்பாலத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் பெரும்பாலோருக்குத் தெரியாது. பாலத்தின் வாசலில் அதைச் சொல்ல ஒரு பலகை வைத்தாலே போதும்.

முட்டம் கலங்கரை விளக்கம், மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில், குளச்சல் என்று கடற்கரைச் சாலை வழியாக இன்னொரு நாளும் போகலாம். அதை இங்கே விரிக்கவில்லை.

இந்த ஊர்களுக்கெல்லாம் நாகர்கோவிலிலிருந்து தனித்தனியே பேருந்துகள் உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டு மூன்று இடங்களில் மாறி ஏற வேண்டும், மொழி தெரியாத வடநாட்டுப் பயணியால் அது முடியாது. சுற்றுப் பயணம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. மகா சிவராத்திரியை ஒட்டி திருமலையில் தொடங்கி, திற்பரப்பு, திருநந்திக்கரை வழியாகத் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை 'கோவிந்தா, கோபாலா' என்று முழங்கியபடி ஓடியே தரிசிக்கிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்தத் தலங்களுக்கு ஆண்டில் மற்ற நாள்களில் எளிதாகப் போய்வர வழி செய்ய முடியாதா என்பதே என் கேள்வி.

போக்குவரத்துக் கழகமும் சுற்றுலாத் துறையும் அறநிலையத் துறையும் கலந்து பேசி, சனி, ஞாயிறு நாள்களிலாவது கன்னியாகுமரியிலிருந்து மேற்குப் பகுதிக்கு, நடை நேரத்தை ஒட்டிய ஒரு சுற்றுப் பேருந்தை இயக்க வேண்டும். பேருந்துக்கு நாளாகும் என்றால், முதலில் ஒவ்வொரு கோயிலின் நடை நேரமும், உடை ஒழுங்கும், பத்மநாபபுரத்தின் விடுமுறை நாளும் எழுதிய பலகைகளைப் படகுத்துறை, கன்னியாகுமரி ரயில் நிலையம், பேருந்து நிலையம் ஆகிய மூன்று இடங்களிலும் தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலத்தில் வைக்கலாம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசைகட்டி வரத் தொடங்கிவிடும். பலகைகள் அதற்கு முன்பே வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்