என் இடுப்பு வலியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. 2023 ஜனவரியில் மதுரையில் எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்தது. இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னதாக்கி அதில் குடலை நேராக இணைப்பது. அன்றைக்கு 116 கிலோ, இன்றைக்கு 73. இந்தக் கணக்கைக் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. சொல்லாமல் விட்டது, நடுவில் ஒன்பது மாதம் இடுப்பு வலியால் நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து என்னை மீட்டவர்களையும்தான். யார் பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னாலும் எனக்கு இடுப்பு வலி உண்டு. எடை குறையக் குறைய அதுவும் குறைந்தது. ஜூன் மாதம் மலைக்கோட்டைப் படியில் பாதி ஏறி நின்று அழுதிருக்கிறேன், சந்தோஷத்தில். ஆகஸ்டில் வலி திரும்பி வந்தது. இந்த முறை வேறு மாதிரி. கட்டிங் போட்டு நிமிர்ந்தால் இடுப்பைக் கயிறு கட்டி இழுத்த மாதிரி இருக்கும். ஸ்டூலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வால் எலும்பு சுட்டெரிக்கும். சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இத்தனை கிலோ குறைஞ்ச பிறகும் இடுப்பு வலியா?" கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இல்லாத வலியை நானாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறேனோ என்று ராத்திரிகளில் யோசித்திருக்கிறேன்.

அது தீபாவளித் தையல் நேரம். கடையில் அறுபது, எழுபது பிளவுஸ் நிற்கிறது. டாக்டரிடம் போக நேரம் இல்லை என்று ஏதோ ஒரு கடையில் இடுப்பு வலிக்கு செட் மாத்திரை வாங்கினேன். காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அதுதான். என்ன மாத்திரை என்று நானும் கேட்கவில்லை, எனக்கு என்ன ஆபரேஷன் ஆனது என்று அவர்களும் கேட்கவில்லை. போட்டால் ஒரு மணி நேரத்தில் வலி குறைந்தது. மூன்று வாரம் அப்படியே ஓடியது. நடுவில் ஒரு நாள் நிமிரவே முடியாமல், வேறு ஒரு இடத்தில் ஊசியும் போட்டுக்கொண்டேன். ஊசி ரத்தத்தில்தானே போகிறது, வயிற்றில் படாதே என்று நினைத்தேன்.

மருந்துக்கடைத் தங்கச்சிக்குத்தான் என் முதல் நன்றி. எங்கள் தெரு முனைக் கடையில் வேலை பார்க்கும் பெண். மாதா மாதம் கால்சியம், பி12 எல்லாம் அங்கேதான் வாங்குவேன். தீபாவளி முடிந்த மறு ஞாயிறு, வலி மாத்திரை இரண்டு அட்டை கேட்டேன். அவள் கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவள் கொடுக்காமல் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, நீங்க வயித்துல பைபாஸ் பண்ணவங்கதானே? இதை யாரு எழுதிக் கொடுத்தா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "எத்தனை நாளா போடுறீங்க?" சொன்னேன். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நின்ற ஆளுக்குக் கேட்காதபடி, "மலம் கறுப்பாப் போகுதா அக்கா?" என்றாள். நான்கு நாளாகத் தார் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. இரும்புச் சத்து மாத்திரையால் என்று நானே முடிவு பண்ணியிருந்தேன். வயிறு எரிவதையும் தலை சுற்றுவதையும் அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் மாத்திரையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, என் வீட்டுக்காரருக்கு அவளே போன் பண்ணினாள். "நாளைக்குன்னு தள்ளாதீங்க அண்ணா, இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

அன்று இரவே மதுரையில் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.1, இருக்க வேண்டியதை விடக் குறைவு. எண்டோஸ்கோபியில் பார்த்தபோது, சின்னதாக்கிய இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு.

ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நான் இரண்டாவது தடவையாகக் கடன்பட்டேன். திட்டுவார் என்று பயந்துகொண்டு படுத்திருந்தேன். அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். முப்பது மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை, அதில் நேராக இணைத்த குடல், நடுவே அந்த இணைப்பு. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், நிமிசுலைட், இந்த வகை மாத்திரை எல்லாம் வலியைக் குறைக்கிற அதே வழியில், வயிற்றின் உள்சுவரைக் காக்கிற பொருளையும் உடம்பில் குறைத்துவிடுகிறதாம். அந்த வேலை ரத்தத்தின் வழியாக நடக்கிறது. அதனால் சாப்பிட்ட பிறகு போட்டாலும் சரி, ஊசியாகப் போட்டாலும் சரி, இணைப்பில் புண் வரலாம். பாராசிட்டமால் அந்த மாதிரி இல்லை, அவர் சொல்லும் அளவுக்குள் போடலாம் என்றார். டிஸ்சார்ஜ் அன்றே இதையெல்லாம் சொல்லியிருந்தார். காகிதத்திலும் இருந்தது. அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "வலி இருந்துச்சுன்னு தெரியுது. வலிக்கு என்ன காரணம்னு இப்பப் பார்ப்போம்" என்றார். என் வலியை உண்மை என்று எடுத்துக்கொண்டு பேசிய முதல் டாக்டர் வார்த்தை அது. அதை மறக்க மாட்டேன்.

எலும்பு டாக்டரிடம் அனுப்பியவரும் அவர்தான். அந்தப் பெரியவர் என்னை நடக்க வைத்தார், குனிய வைத்தார், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், கால் விரலை அழுத்தச் சொன்னார். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். இப்போது அவசியம் இல்லை என்றவர், எப்போது உடனே ஓடி வர வேண்டும் என்பதைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். காலில் பலம் குறைவது, உட்காருகிற இடம் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, காய்ச்சலோடு வருகிற முதுகு வலி, படுத்தாலும் ராத்திரி முழுக்க அடங்காத வலி. எடை வேகமாகக் குறைந்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரலாம், அந்த வலி முதுகில் தோள்பட்டைக்குக் கீழேயும் தெரியும் என்று ஒரு ஸ்கேன் மட்டும் எடுக்கச் சொன்னார். கல் இல்லை. ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்ததில் 11 இருந்தது. 30க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

இந்த இடத்தில் உணவு ஆலோசகர் மேடத்துக்கு வருகிறேன். "ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டீங்க, ஒரு வாய் விடாமச் சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தார். காலையில் ஒரு இட்லி, பதினோரு மணிக்கு டீ, மதியம் ரசம் சாதம் நாலு ஸ்பூன், சாயங்காலம் ரஸ்க், ராத்திரி அரை தோசை. கூட்டிப் பார்த்து, புரதம் 20 கிராம் கூட வரவில்லை என்றார். குறைந்தது 60 வேண்டும். "எடை மட்டும் குறையலம்மா, சதையும் சேர்ந்து குறைஞ்சிருக்கு. முதுகைத் தாங்குறதும் சதைதான்" என்றார். வயிறு சின்னது என்பதால் தட்டில் முதலில் புரதம்: முட்டை, மீன், சுண்டல், பனீர், கெட்டித் தயிர். அப்புறம் காய். இடம் இருந்தால் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று தெரிந்தபோது மலைப்பாக இருந்தது. நாளை ஆறாகப் பிரித்துக் கொடுத்தார், மலைப்பு போனது.

மாத்திரையிலும் எனக்கே தெரியாமல் இரண்டு தப்பு செய்துகொண்டிருந்தேன். விலை குறைவு என்று கால்சியம் கார்பனேட் வாங்கினேன். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், பைபாஸ் ஆனவர்களுக்கு அங்கே அமிலம் குறைவு, அதனால் சிட்ரேட் வகைதான் நல்லது. அடுத்தது, வேலை முடியட்டும் என்று கால்சியத்தையும் இரும்புச் சத்தையும் சேர்த்தே விழுங்கினேன். ஒன்று மற்றதை உடம்பில் சேர விடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடும் இரும்புச் சத்து கூடாது. மேடம், நீங்கள் கட்டம் போட்டு எழுதித் தந்த தாள் இப்போது தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. வைட்டமின் டி இப்போது 34.

பயிற்சி கொடுத்து வலியைக் குறைக்கும் பிசியோ தம்பியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அரசு மருத்துவமனையில் அந்தக் கூட்டத்தில் எனக்கு அவர் கொடுத்தது பத்து நிமிஷம் இருக்கும். அதில் முதல் ஐந்து நிமிஷம் என் தொழிலைப் பற்றியே கேட்டார். "அடுத்த வாரம் வரும்போது, கடையில நீங்க வேலை பார்க்கிறதை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிக் கொண்டு வாங்க அக்கா." கடையில் ஹெம்மிங் பண்ணும் பெண் எடுத்தாள். அவர் போனைக் கையில் வாங்கி, நான் கட்டிங் டேபிளில் துணி விரித்துச் சாக்பீஸால் கோடு போடும் இடத்தில் நிறுத்தினார். டேபிள் என் தொடை உயரத்துக்குத்தான் இருந்தது. அதில் நான் வில்லாக வளைந்து நிற்கிறேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் என்னை நான் பார்த்ததில்லை. "குனியிறது தப்பில்ல அக்கா. குனிஞ்சே இருக்கிறதுதான் தப்பு" என்றார்.

முன்பு வயிற்றுக் கனம் முன்னால் இழுக்க, அதற்கு ஈடாக முதுகு பின்னால் வளைந்து நின்று பழகியிருந்தது. ஒன்பது, பத்து மாதத்தில் அந்தக் கனம் போய்விட்டது. முதுகுக்குப் பழைய பழக்கம் போகவில்லை, தாங்குகிற சதையும் மெலிந்துவிட்டது. அவர் எனக்கு இப்படித்தான் விளக்கினார். வால் எலும்பு வலிக்குக் காரணம் இன்னும் எளிது. மெத்தை மாதிரி இருந்த கொழுப்பு கரைந்ததும், எலும்பு நேராக இரும்பு ஸ்டூலில் பட்டிருக்கிறது.

டேபிளை உயர்த்தச் சொன்னார். முழங்கைக்குச் சற்றுக் கீழே வர வேண்டும், எனக்கு 36 அங்குலம். முதலில் செங்கல் வைத்தோம், அப்புறம் எதிர்க்கடை ஆசாரி அண்ணன் நாலு காலுக்கும் கட்டை ஒட்டி ஆட்டம் இல்லாமல் செய்துகொடுத்தார், கூலியே வாங்கவில்லை. அண்ணே, நன்றி. உட்காருவதற்குப் பின்பக்கம் வெட்டு விட்ட மெத்தை வேண்டும் என்றார் தம்பி. கடையில் விலை கேட்டுவிட்டு, நானே தைத்துவிட்டேன். கெட்டி ஸ்பாஞ்ச் இரண்டு அடுக்கு, வால் எலும்பு வரும் இடத்தில் ஆங்கில யூ மாதிரி வெட்டு, மேலே காடா துணி உறை. வால் எலும்பு எதிலும் படாது. இதுவரைக்கும் மற்றவர்களுக்கும் நாலு தைத்துக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, இடுப்பைத் தரையோடு மெல்ல அழுத்துவது. இடுப்பைப் பாலம் மாதிரி தூக்குவது. மண்டி போட்டுக் கையூன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி மூச்சை அடக்காமல் பத்து எண்ணுவது. முதல் நாள் இதில் மூன்று எண்ணுவதற்குள் சரிந்துவிட்டேன். நடை, பத்துப் பத்து நிமிஷமாக மூன்று வேளை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும் என்றார், அது மட்டும் மறந்துகொண்டே இருந்தது. "பாபின் நூல் எப்பத் தீரும் அக்கா?" என்று கேட்டார். விடாமல் தைத்தால் ஏறக்குறைய அந்த நேரம்தான். அன்றிலிருந்து பாபின் தீர்ந்தால் எழுந்து வாசல் வரை போய் வந்துதான் அடுத்த பாபின் போடுகிறேன்.

தம்பி, மூன்றாவது வாரம் வலி கூடியபோது வரமாட்டேன் என்று போனில் சொன்னேனே, "வலியோட வாங்க, குறைச்சுப் பண்ணுவோம்" என்றீர்கள். அன்று வராமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி கொடுத்துவிட்டுக் காத்திருந்த வாடிக்கையாளர்களே, சொன்ன தேதி தவறியபோதும் வேறு கடைக்குப் போகாமல் இருந்தீர்கள். ஹெம்மிங் பெண் அந்த மூன்று மாதத்தில் கட்டிங் வரை கற்றுக்கொண்டாள். வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரையும் தண்ணீர்க் குடத்தையும் என் கண்ணிலேயே காட்டாமல் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இங்கே சொல்கிறேன்.

2024 மே மாதத்தில் ஒரு நாள், ஒரு முகூர்த்தப் பிளவுஸுக்குப் பைப்பிங் வைத்து முடித்து எழுந்தபோதுதான், காலையிலிருந்து இடுப்பை நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. இப்போதும் வலி எட்டிப் பார்க்கும். மழை நாளில், நீளமான பஸ் பயணத்துக்குப் பிறகு. பயிற்சி இரண்டு நாள் விட்டால் கட்டாயம் வரும். பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது, எனக்கு எந்த ஆபரேஷன் ஆனது, எந்த மாத்திரை ஆகாது என்று மருந்துக்கடைத் தங்கச்சி தன் கையால் எழுதிக் கொடுத்தது. பல் டாக்டரிடம் போனபோதும் அதைத்தான் முதலில் நீட்டினேன்.

கடைசியாக அத்தைக்கு. என் மாமியார். மாத்திரை போட முடியாத அந்த ராத்திரிகளில், கல் உப்பை வறுத்து, நொச்சி இலையோடு துணியில் முடிந்து, முதலில் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் இடுப்பில் வைப்பார்கள். ஒரு தடவை கூட "இன்னுமா வலிக்குது?" என்று கேட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள், இதை என் மகள் படித்துக் காட்டுவாள்.

அத்தை, இன்றைக்கு வலி இல்லை. உப்பு வறுக்க வேண்டாம். நேரத்தோடு படுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தையல்காரி