254ஆவது இந்திய டாங்கி பிரிகேடு: வரலாற்று நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர்களும் சேர்ந்த சிறு குழு நாங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல் மணிப்பூரின் இம்பாலை ஜப்பானியரிடமிருந்து காத்து நின்ற 254ஆவது இந்திய டாங்கி பிரிகேடின் வரலாற்றைத் தமிழில் நூலாகக் கொண்டுவர இருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

போருக்காகவே அமைத்த பிரிகேடு அது. சில ஆண்டுகள்தான் அந்தப் பெயரில் இருந்தது. பிரிட்டிஷாரின் 3ஆவது காரபினியர்ஸ், இந்தியாவின் 7ஆவது லைட் கேவல்ரி என்ற டாங்கி ரெஜிமென்டுகளும், டாங்கிகளை ஒட்டியே நடந்து காவல் காத்த பம்பாய் கிரனேடியர்ஸ் காலாட்படை பட்டாலியனும் அதில் இருந்தன. 7ஆவது லைட் கேவல்ரியின் தொடக்கம் 1784இல், மதராஸ் ராணுவத்தின் குதிரைப்படையாக. போருக்குப் பின் 1948 நவம்பரில், காஷ்மீரில் 11,000 அடிக்கும் மேலே உள்ள ஜோஜி லா கணவாய்க்கு ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றியதும் இதே ரெஜிமென்ட்தான்.

நூலின் நடுநாயகமான அத்தியாயம் நுன்ஷிகும் மலை. இம்பாலுக்குச் சரக்கு வரும் கோஹிமா சாலை துண்டிக்கப்பட்டு, சோறும் தோட்டாவும் விமானத்தில்தான் இம்பாலுக்கு வந்துகொண்டிருந்த நேரம். விமானத்தளத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த மலையை ஜப்பானியர் பிடித்துவிட்டார்கள். ஏப்ரல் 13 அன்று காரபினியர்ஸின் லீ ரக டாங்கிகளும் காலாட்படையான டோக்ரா ரெஜிமென்டின் முதல் பட்டாலியனும் மேலே ஏறின. லீயின் 75 மி.மீ. பீரங்கி உடலின் வலப்பக்கம் பதித்தது, கொஞ்சம்தான் திரும்பும். அதற்கு மேல் குறி வைக்க டாங்கியையே திருப்ப வேண்டும். முகட்டிலோ ஒரு டாங்கி போகத்தான் இடம். மூடியைச் சாத்தினால் விளிம்பு தெரியாது. அதனால் கமாண்டர்கள் தலையை வெளியே நீட்டி ஓட்டுநருக்கு வழி சொன்னார்கள், அப்படி நின்றபடியே குண்டடிபட்டு விழுந்தார்கள். டாங்கிப் பக்கத்திலும் டோக்ரா பக்கத்திலும் காயப்படாத அதிகாரி ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதிகாரிகளுக்குக் கீழ்நிலையில் இருந்த சார்ஜென்ட் மேஜர் கிராடாக்கும், டோக்ரா சுபேதார்கள் ரண்பீர் சிங், திரு ராம் இருவரும் சேர்ந்துதான் உச்சியைப் பிடித்தார்கள்.

காரபினியர்ஸின் வழிவந்த ரெஜிமென்டில் ஏப்ரல் 13 அணிவகுப்பை இன்றும் அதிகாரிகள் இல்லாமல் சார்ஜென்ட் மேஜரே நடத்துகிறார். அது சரியான மரியாதை. ஆனால் அந்த இரண்டு சுபேதார்களைப் பற்றித் தமிழில் படிக்க விரும்பும் பையனுக்கு நாம் எதை எடுத்துக் கொடுப்பது? ஓட்டுநர், கன்னர், மெக்கானிக், கூட நடந்த கிரனேடியர் என்று எல்லாருடைய பெயரும் கிடைத்தவரை இந்த நூலில் வர வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

பெரிய செலவு அந்தப் பெயர்களைத் தேடுவதில்தான். பிரிகேடின் போர்க்கால நாட்குறிப்புகள் லண்டனில், கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பக்கம் பக்கமாகப் படியெடுக்கப் பணம் கட்ட வேண்டும். அப்புறம் இம்பால் போய் மலையையும் போர்க் கல்லறைகளையும் படம் எடுக்க வேண்டும், வரைபடங்களைத் தமிழில் புதிதாக வரைய வேண்டும். அச்சுக் கூலி தனி. அரசுப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் பிரதிகளை இலவசமாகத் தரப்போவதால், விற்பனையை நம்பி இதில் இறங்க முடியாது.

நூறு ரூபாய் ஆனாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை நூலின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிடுவோம். நன்கொடையாளர் பெயர்களும் அங்கே வரும், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

பணம் தர முடியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் தாத்தா பர்மாப் போர்முனைக்குப் போனவரா? வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பர்மா ஸ்டார் பதக்கம், சம்பளப் புத்தகம், பின்பக்கம் ஊர்ப்பெயர் எழுதிய போட்டோ, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தந்துவிடுவோம். எழுத்து மங்கியிருந்தாலும், எந்தப் படை என்று தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். வீரருக்குத் தந்த ரெஜிமென்ட் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள்.

வரும் ஏப்ரல் 13க்குள் கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் வரும் பெயர்களை மட்டுமே சேர்க்க முடியும்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர், ஆவடி