6 அயர்னுக்கும் 7 அயர்னுக்கும் நடுவே 7.5 டிகிரி: கலப்பு கோல்ஃப் செட் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: பணம் பெற்றுக்கொண்டு செய்யாமல் விட்ட, கோல்ஃப் கிளப்களின் லாஃப்ட், லை சரிசெய்யும் வேலை தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டக்காரருக்கு ஏற்றபடி கிளப்களை அமைத்துத் தரும் உங்கள் சென்னை ஃபிட்டிங் மையத்தில் கடந்த ஜூன் மாதம் ஏழு அயர்ன்கள் (உலோகத் தலை கொண்ட கோல்ஃப் கிளப்கள்) கொண்ட ஒரு செட் ஆர்டர் கொடுத்தேன். 4, 5, 6 மூன்றும் தலை உள்ளே வெற்றாக இருக்கும் ஹாலோ மாடல். 7, 8, 9, பிட்ச்சிங் வெட்ஜ் நான்கும் அதே பிராண்டின் ஃபோர்ஜ்டு பிளேடு, அதாவது உலோகத்தை அழுத்தி உருவாக்கிய, மெல்லிய கெட்டித் தலை மாடல். மொத்த பில் 1,68,500 ரூபாய். அதில் ‘லாஃப்ட், லை சரிசெய்தல் - 7 கிளப்’ என்று தனி வரி போட்டு 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். லாஃப்ட் என்பது கிளப்பின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், அது குறைந்தால் பந்து தாழ்வாக அதிக தூரம் போகும். லை என்பது கிளப்பைத் தரையில் வைக்கும்போது கம்பு சாயும் கோணம். இந்தக் கடிதம் அந்த ஒரு வரியைப் பற்றியது. பணம் வாங்கினீர்கள், வேலை நடக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் போன் செய்தபோது உங்கள் ஊழியர், “ரெண்டு மாடலைக் கலந்து வாங்கினா இப்படித்தான் சார் இருக்கும்” என்றார். அப்படி இல்லை. கலந்து வாங்குவது இன்று உலகம் முழுக்க நடக்கிற சாதாரண விஷயம். பெரிய பிராண்டுகள் பலவும் தங்கள் மாடல்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து ஆடலாம் என்று சொல்லித்தான் விற்கின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலருடைய பையில் இரண்டு, மூன்று மாடல் அயர்ன்கள் இருக்கும். அமெரிக்க ஆட்டக்காரர் காலின் மொரிகாவா 2021இல் ஸ்காட்டிஷ் ஓபனில் தன் அயர்ன் ஷாட்கள் சரியாக வராததால், அடுத்த வாரம் ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானத்தில் நடந்த, மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான ஓபன் போட்டிக்கு 7, 8, 9 அயர்ன்களை மட்டும் பிளேடிலிருந்து, பின்புறம் குழிவான கேவிட்டி பேக்குக்கு மாற்றினார். அந்த ஓபனை அவர்தான் வென்றார். மேஜர் போட்டிக்கு முந்தைய நாட்களில் மூன்று கிளப்பை மாற்றும் துணிச்சல் அவருக்கு வந்ததென்றால், மாற்றிய கிளப்கள் மற்றவற்றோடு லாஃப்ட், நீளம், எடை எல்லாவற்றிலும் பொருந்தும்படி ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த வேலைக்குத்தான் நானும் பணம் கொடுத்தேன்.

நான் ஹேண்டிகேப் 14, அதாவது நடுத்தர அளவில் ஆடுகிறவன். நீளமான அயர்ன்களைச் சரியாக நடு முகத்தில் அடிப்பது எனக்குக் கஷ்டம். ஹாலோ மாடலின் தலைக்குள் வெற்றிடம் இருக்கிறது, முகத் தகடு மெல்லியது, எடை கீழேயும் பின்னேயும் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் பந்து எழும்பிப் போகும். 4, 5, 6 மூன்றுக்கும் அதைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். கிரீனை (குழி இருக்கும் புல்பரப்பை) குறிவைத்து அடிக்கும் 7, 8, 9இல் எனக்குத் தூரம் வேண்டாம், சொன்ன தூரத்தில் பந்து போய் விழுந்தால் போதும். பிளேடில் அது கிடைக்கிறது. ஃபோர்ஜ்டு தலையில் பந்து சரியாகப் படும்போது கையில் வரும் அந்த மெத்தென்ற உணர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். இத்தனை வருடம் ஆடிவிட்டு, ஆசைப்பட்டு வாங்கிய செட் இது.

சிக்கல் எங்கே என்று உங்கள் ஃபிட்டருக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் எனக்கே விளக்கினார். ஹாலோ மாடலில் பந்து தானாகவே உயரமாக எழும்புவதால் தயாரிப்பாளர்கள் அதன் லாஃப்டைக் குறைத்து வைக்கிறார்கள். பிளேடில் பழைய கணக்கே தொடர்கிறது. ஹாலோ 7 அயர்ன் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், பிளேடு 7 அயர்ன் 34 டிகிரி. அடியில் பொறித்திருக்கும் எண் இரண்டிலும் 7தான். ஆகவே இரண்டு மாடலும் சந்திக்கிற இடத்தில், அதாவது என் செட்டில் 6க்கும் 7க்கும் நடுவில், யாராவது கை வைத்துச் சரிசெய்தே ஆக வேண்டும்.

எப்படிச் சரிசெய்வது என்று அன்றைக்கே பேசி, அவர் தன் கையால் ஆர்டர் படிவத்தில் எழுதினார். ஹாலோ 4, 5, 6 மூன்றும் தொழிற்சாலையிலிருந்து 20.5, 23.5, 26.5 என்று வருகின்றன. அவற்றை வளைத்து 22, 25, 28.5 ஆக்குவது. பிளேடு 7, 8, 9 மூன்றும் 34, 38, 42 என்று வருகின்றன. அவற்றைச் சற்றே நிமிர்த்தி 32.5, 37, 41.5 ஆக்குவது. வெட்ஜ் 46இலேயே இருக்கட்டும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு கிளப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் 3 முதல் 4.5 டிகிரி வரைதான் வித்தியாசம், எங்கேயும் குதிப்பு இருக்காது. எந்தக் கிளப்பையும் 2 டிகிரிக்கு மேல் வளைக்க வேண்டியதும் இல்லை. பிளேடை அதற்கு மேல் நிமிர்த்தினால் அடிப்பாகத்தின் பவுன்ஸ் (தரையில் புதையாமல் தடுக்கும் சாய்வு) குறைந்து தரையில் குத்தும் என்பதால்தான் பாதி வேலையை ஹாலோ கிளப்களிலும் பாதியைப் பிளேடிலும் பிரித்துக்கொண்டோம். நல்ல திட்டம். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு.

வந்து சேர்ந்த செட்டை முதல் வாரம் கோவையில் செட்டிபாளையம் மைதானத்தில் ஆடினேன். 7 அயர்ன் காற்றில் 146 யார்டு போகிறது. 6 அயர்ன் 172 யார்டு. 7க்கும் 8க்கும் நடுவில் 11 யார்டுதான். 5க்கும் 6க்கும் நடுவில் 9. இந்த ஒரு இடத்தில் மட்டும் 26 யார்டு. 160 யார்டுக்கு என்னிடம் கிளப்பே இல்லை. 6ஐ எடுத்துப் பாதி ஸ்விங்கில் அடக்கி அடிக்க வேண்டும், அல்லது 7ஐ உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டும். அடக்கி அடித்தால் இழுக்கிறது, பலமாக அடித்தால் கிரீனுக்கு முன்னால் இருக்கும் மணல் குழியில் விழுகிறது. பார் 4 ஓட்டைகளில், அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஓட்டைகளில், இரண்டாவது ஷாட்டுக்கு எனக்கு அதிகம் மிஞ்சுவதும் இந்த 150, 160 யார்டுதான். ஆர்மோனியத்தில் ஓரத்துக் கட்டை அமுங்காவிட்டால் எப்படியாவது சமாளிக்கலாம், போனது நடுக்கட்டை.

சந்தேகம் வந்து, எங்கள் ஊரில் கிளப் பழுது பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் வேலையில் இருந்து பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர், கை சுத்தம். 6 அயர்னை லாஃப்ட், லை அளக்கும் இயந்திரத்தில் வைத்து, முகத்தின் கீழ்க் கோடு சரியாகப் படுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு இறுக்கினார். முள் 26.5இல் நின்றது. கழற்றி, மறுபடி வைத்தார். அதே 26.5. அடுத்து 7 அயர்ன். சரியாக 34. ஏழு கிளப்பையும் இப்படியே அளந்து ஒரு தாளில் எழுதினார். எல்லாமே தொழிற்சாலை அளவு, அரை டிகிரி கூட மாறவில்லை. “சார், இதை யாரும் தொடவே இல்லை” என்றார். பெட்டியோடு நீங்கள் அனுப்பிய அட்டையில் ‘லாஃப்ட் சரிசெய்யப்பட்டது’ என்று டிக் அடித்து, கையெழுத்தும் இருக்கிறது. செய்யாத வேலைக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை நீங்கள் விசாரிக்க வேண்டும்.

அவர் இன்னொன்றையும் காட்டினார். 6 அயர்னின் நீளம் 37¾ அங்குலம், 7இன் நீளம் 37. அடுத்தடுத்த கிளப்களுக்கு நடுவில் அரை அங்குலம் இருப்பதே வழக்கம். ஸ்விங்வெயிட் என்பது கிளப்பை வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு. அதற்கான தராசில் 6 அயர்ன் டி0, 7 அயர்ன் டி4, நான்கு புள்ளி வித்தியாசம். ஒன்றை எடுத்து அடித்துவிட்டு மற்றதை எடுத்தால் தலை கனக்கிற வித்தியாசம் எனக்கே தெரிகிறது. தலையில் 2 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும், அரை அங்குலம் நீளம் கூடினால் மூன்று புள்ளி ஏறும். 6 அயர்னின் கம்பைக் கால் அங்குலம் வெட்டி, கம்பு தலையில் செருகப்படும் ஹோசலுக்குள் எடை வைத்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்கிற விஷயம். அதையும் செய்யவில்லை.

இதை உங்களிடம் சொன்னபோது வந்த பதில்கள்தான் எனக்கு அதிக மன வருத்தம் தந்தன.

நான் ஊட்டி மைதானத்திலும் ஆடுவேன் என்று பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, “மலையில் காற்று லேசு, அதனால்தான் தூரம் மாறுகிறது” என்றார் உங்கள் ஊழியர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே பந்து கூடுதல் தூரம் போவது உண்மைதான். ஆனால் அது எல்லாக் கிளப்புக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடும். 7ஐ விட்டுவிட்டு 6க்கு மட்டும் கூடாது. அப்புறம், நான் சொன்ன 146, 172 இரண்டும் கோவையில் எடுத்த கணக்கு. கோவை 400 மீட்டர் உயரத்தில் இருக்கிற சமவெளி.

அடுத்து இன்னொருவர் பேசினார். 6க்கும் 7க்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதே பிராண்டின் இன்னொரு மாடலில் ஒரு தனி 7 அயர்னை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், தள்ளுபடியில் தருகிறோம் என்றார். கோல்ஃப் சாமான் விற்கிற கடையிலிருந்து இப்படி ஒரு யோசனை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் பையில் டிரைவர், 3 வுட், ஹைபிரிட், இந்த ஏழு அயர்ன், மூன்று வெட்ஜ், பட்டர். கூட்டினால் 14. ஒருவர் ஒரு சுற்றில் 14 கிளப்புக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இல் கொண்டுவந்தது, பிரிட்டனில் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939இல் கொண்டுவந்தது. இன்றைக்கும் அதுதான் விதி. பதினைந்தாவது கிளப்போடு போட்டியில் இறங்கினால், அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் தவறு நடந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் 2 ஸ்ட்ரோக், சுற்றுக்கு அதிகபட்சம் 4 ஸ்ட்ரோக் தண்டனை. நீங்கள் செய்யாமல் விட்ட வேலையை மறைக்க நான் என் வெட்ஜ் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டுமா? அதுவும் என் காசிலேயே இன்னொரு கிளப் வாங்கி?

கடைசியாக, ஸ்விங்கைப் பயிற்சியாளரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள். இயந்திரத்தின் முள்ளுக்கும் என் ஸ்விங்குக்கும் சம்பந்தம் இல்லை. அளந்தபோது கிளப் என் கையில் இல்லை, இயந்திரத்தில் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. செட்டைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனம் இல்லை, இந்த இரண்டு மாடலும் எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் செலவில் கூரியர் அனுப்பி ஏழு கிளப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் படிவத்தில் உங்கள் ஃபிட்டர் எழுதிய அதே அளவுக்கு லாஃப்டை வளைத்துக் கொடுங்கள். 6 அயர்னின் நீளத்தை 37½க்குக் கொண்டுவந்து, ஏழு கிளப்புக்கும் ஸ்விங்வெயிட்டை ஒரே அளவில் பொருத்திக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கிளப்பும் இயந்திரத்தில் இருக்கும்போது முள் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள், டிக் அடித்த அட்டை எனக்குப் போதாது. வளைக்கும்போது ஹாலோ தலையில் விரிசல் விழுந்தாலோ பிளேடின் குரோம் பெயர்ந்தாலோ அந்தக் கிளப்பை நீங்கள் புதிதாக மாற்றித் தர வேண்டும். செய்யாத வேலைக்கு வாங்கிய 3,500 ரூபாயையும், அளந்து பார்க்க நான் வெளியே கொடுத்த 700 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். இப்போது செய்யும் வேலைக்குத் தனியாகக் காசு கேட்கக் கூடாது.

எங்கள் ஊரில் அளந்தவரே இதை வளைத்துக் கொடுத்துவிடுவார், அவருக்குத் திறமை இருக்கிறது. ஆனால் வெளியாள் கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்று உங்கள் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். ஆகவே இதை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

பில், ஆர்டர் படிவம், டிக் அடித்த அட்டை, வெளியே எடுத்த அளவுத் தாள் எல்லாவற்றின் நகலும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. இது கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் பேசுவது இனி வேண்டாம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் வாங்கிச் செய்யாத வேலையைச் சேவைக் குறைபாடு என்று காட்டி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்வதால், நான் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, கோயம்புத்தூரிலேயே கொடுப்பேன்.

அக்டோபரில் எங்கள் கிளப் போட்டி வருகிறது. அதற்குள் இந்தச் செட் சரியாகி என் பைக்குத் திரும்ப வேண்டும். கூரியர் எந்தத் தேதிக்கு வரும் என்று தெரிவியுங்கள். காலை 10 மணிக்கு மேல் வந்தால் வீட்டில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.