வாட்சனிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை, அண்ணா?

அண்ணா,

ஆடி அமாவாசைக்குக் காசிமேட்டுக்கு வாங்க, இந்த வருஷம் அப்பாவுக்கு என் கையால் தர்ப்பணம் கொடுக்கப் போகிறேன் என்று குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாய். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. வருகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்ல அந்தக் குரூப் போதாது.

நீ தலைமறைவாகக் காரணமான கடனை யாரிடம் வாங்கினாய், எவ்வளவு, எப்படி அடைந்தது என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். நம் தெருக்காரர்களும் இதைப் படிக்கிறார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை மறுபடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு "யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்பாயே, அதே கதைகள். அப்போது என் கண்ணுக்கு ஹோம்ஸ் மட்டும்தான் தெரிந்தார். இப்போது அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

1893இல் ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸைக் கொன்ற எழுத்தாளர் கானன் டாயில், 1903இல்தான் அவர் சாகவே இல்லை என்று எழுதினார். கதைக்குள் அது மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட்டுக்கு எல்லாம் தெரியும். தம்பிக்குப் பணம் கொடுத்தது அவர்தான், பேக்கர் தெரு அறைகளை அப்படியே காத்து வைத்ததும் அவர்தான். வாட்சனுக்கு மட்டும் தெரியாது. அதற்குள் வாட்சன் வீட்டில் ஒரு சாவும் விழுந்துவிடுகிறது. அந்தச் செய்தியும் ஹோம்ஸுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது.

நம் வீட்டில் மைக்ராஃப்ட், அம்மா. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவள், மறைத்தாள்.

திரும்பி வந்த ஹோம்ஸ் சொல்லும் காரணம்தான் எனக்கு ஆறவில்லை. என் மேல் உனக்கு இருக்கும் பாசத்தில் நீ ஏதாவது செய்துவிடுவாய், ரகசியம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன் என்கிறார். இது என்ன நியாயம்? பாசம் வைத்தவரைத்தான் வெளியே நிறுத்துவதா? சாகக் கிடப்பதுபோல் நடிக்கும் கதையில் அவர் வாட்சனைக் கட்டில் பக்கமே விடுவதில்லை. நாடி பிடித்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்ற மரியாதையாவது அதில் இருக்கிறது. பாஸ்கர்வில் கதையில், பொட்டல்காட்டில் ஹோம்ஸ் ஒளிந்திருந்தது தெரிந்ததும், என்னைப் பயன்படுத்திக்கொள்கிறாய், ஆனால் நம்பவில்லை என்று வாட்சன் கொதிக்கிறார். அருவியிலிருந்து மீண்டு வந்தவரைப் பார்த்தபோது வாட்சனிடம் அந்தக் கொதிப்புகூட இல்லை. மயங்கி விழுகிறார், எழுகிறார், மகிழ்கிறார், அன்று ராத்திரியே துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு கூடக் கிளம்பிவிடுகிறார்.

நான் அப்படி இல்லை. ஏன் என்று நீ இதுவரை கேட்டதில்லை.

நீ திரும்பி வந்த அந்த வாரம், ஒரு மத்தியானம். நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "கல்மண்டபத்துல அந்த மீன்காரம்மா இன்னும் கடை போடறாங்களா? அன்னைக்கு உனக்கு சோடா வாங்கிக் குடுத்தாங்களே" என்றாய். சொல்லிவிட்டு மோர் கேட்டாய்.

அன்னைக்கு.

அப்பாவை எடுத்த அன்று பெண்கள் எல்லாரும் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. வண்டிக்குப் பின்னால் கல்மண்டபம் வரை ஓடினேன். ஆண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேளச் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. அந்த அம்மாதான் என் இடுப்பைப் பிடித்து இழுத்து, தன் பலகையில் உட்காரவைத்து, செதில் ஒட்டிய கையாலேயே என் முகத்தைத் துடைத்து, பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடித்து முடிக்கும்வரை வியாபாரத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டில் மயங்கிக் கிடந்த அம்மாவுக்கு இது தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்கு உன்னை யாரென்றே தெரியாது. அப்படியென்றால் உனக்குத் தெரிய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இப்படி யோசிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

தன்னைத் தேடி வந்த வாட்சனை, பாறை விளிம்பில் படுத்தபடி ஹோம்ஸ் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாட்சன் கத்தியது அருவிக்குள் போனது. சின்ன வயதில் அந்த இடத்தில் நாம் இரண்டு பேரும் கைதட்டினோம்.

அன்றைக்கு மோர் கொண்டு வராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் பெண் பிறந்தபோது அத்தையாக வந்து நிற்கவும் இல்லை. அதற்காக உன்னிடமும் அண்ணியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், குழந்தை என்ன பாவம் செய்தது? ஆனால் வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் எல்லார் முன்னாலும் கேட்டிருப்பேன். வராமல் இருந்ததும் உனக்காகத்தான்.

கடன் கொடுத்தவர்கள் அன்று தெருவிலேயே நின்றிருந்தார்கள், எனக்குத் தெரியும். நீ வந்திருந்தால் அப்பாவின் பாடைக்கு முன்னாலேயே உன் சட்டையைப் பிடித்திருப்பார்கள். மூலக்கொத்தளத்தில் சித்தப்பா மகன் கொள்ளி வைத்ததை நினைத்து நீ எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பாய் என்றும் தெரியும். வந்தபோது உன் காலர் எலும்பைப் பார்த்து நான் பின்கட்டில் அழுதேன். நீ வராததுதான் சரி. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோடாவைப் பார்த்தவனுக்கு அந்த வாரமே ஒரு போன் போட முடியாதா? அம்மாவுக்குப் போட்டாயே! நான் உளறிவிடுவேன் என்று நினைத்தாயா? இந்தச் சோடா விஷயத்தை இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்தவள் நான்.

அமாவாசையன்று விடிவதற்குள் வந்துவிடுகிறேன். எள்ளும் தர்ப்பையும் நானே வாங்கி வருகிறேன். எல்லாம் முடிந்ததும் சித்தப்பா வீட்டுக்காரர்களை முன்னால் அனுப்பிவிட்டு, நீ மட்டும் கல்மண்டபம் வரை என்னோடு நடந்து வா. எந்தப் பக்கம் நின்றாய் என்று காட்டு. குரூப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை போடாதே. அண்ணியிடம் சொல்லலாம்.

உன் தங்கை