வீட்டு ஒலிப்பதிவுக்கு எந்தச் சவுண்ட் கார்டு: நண்பனுக்கு ஒரு கடிதம்

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்த மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப் போகிறாய் என்பதையும், மகள் தன் வீணையோடு தஞ்சாவூருக்கே திரும்பி வந்துவிட்டாள் என்பதையும் படித்தபோது மனம் நிறைந்தது. என் வீட்டுச் செய்தி அதிகம் இல்லை. முழங்கால் வலி தணிந்து மீண்டும் மாடி ஏற முடிகிறது. பேரன் மிருதங்க வகுப்பில் சேர்ந்து சாப்பாட்டு மேசையைக்கூட விட்டு வைக்காமல் தட்டிக்கொண்டிருக்கிறான். மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மகன் விட்டுச் சென்ற மேசைக் கணினியில் 7.1 சரவுண்ட் சவுண்ட் கார்டு ஒன்றைப் பொருத்தித் தருவதாகக் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை வாங்காதே. அவர் உன்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை. எட்டு ஸ்பீக்கர்கள் வழியாக ஒலியை வெளியே அனுப்புவதுதான் அந்த அட்டையின் வேலை, படம் பார்ப்பவருக்கும் விளையாடுபவருக்கும் அது பயன்படும். உனக்கு வேண்டியது வெளியே போகும் வழியைவிட உள்ளே வரும் வழி. உன் குரலும் வீணையின் நாதமும் கணினிக்குள் நுழையும் அந்த ஓர் இடத்தில் கெட்டுவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகத் திருத்த முடியாது.

இதை நான் அனுபவித்துத்தான் எழுதுகிறேன். 2007-இல் ஊருக்குப் போயிருந்தபோது என் அத்தை பாடிய தாலாட்டுகளை மடிக்கணினியின் சிறிய மைக் துளையில் ஒரு மலிவான மைக்கைச் செருகிப் பதிவு செய்தேன். பேச்சுக்கான ஹெட்செட்டை மனத்தில் வைத்து அமைத்த துளை அது; அதன் பின்னால் இருக்கும், ஒலியைப் பெருக்கும் சுற்று மெல்லிய குரலைத் தூக்கும்போது மழை பெய்வதுபோன்ற இரைச்சலையும் சேர்த்தே தூக்கிவிடும். அத்தை மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் பலவற்றை முயன்று பார்த்துவிட்டேன். இரைச்சலைக் குறைத்தால், வரியின் முடிவில் அவர் குரல் தேய்ந்து அடங்கும் அந்தக் குழைவும் கூடவே போய்விடுகிறது. உன் மெட்டுகளுக்கும் மகளின் வாசிப்புக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சவுண்ட் கார்டு என்ற பெயரே நம்மைப் பழைய காலத்துக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் கணினிக்கு வாய் கொடுத்தது என்றே சொல்லலாம், ஆனால் அது 8-பிட் ஒலி (பிட் எண் கூடக் கூட ஒலி நுட்பமாகப் பதியும்), விளையாட்டுகளுக்குப் போதும். பிறகு வந்த அட்டைகள் 16-பிட், 24-பிட் என்று வளர்ந்தாலும், கணினிப் பெட்டிக்குள் மின்வழங்கிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நூற்றில் ஒரு பங்கு வோல்ட்டைக்கூட எட்டாத மைக் சைகையைக் கையாளுவது அவற்றுக்குக் கடினமான வேலையாகவே இருந்தது. இன்று வீட்டில் இசை செய்பவர்கள் வாங்குவது யுஎஸ்பி கேபிளில் வெளியே இணைக்கும் ஒரு சிறு பெட்டியை. அதை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். மைக் சைகையைத் தூக்கும் பிரீஆம்ப், அதை எண்களாக மாற்றும் சுற்று, திரும்ப ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்று, எல்லாம் அதற்குள் இருக்கும். கடையில் கேட்கும்போது இந்தப் பெயரையே சொல். இல்லாவிட்டால் மறுபடியும் 7.1 அட்டையைத்தான் எடுத்து வைப்பார்கள்.

இனி, எத்தனை நுழைவாயில்கள் வேண்டும் என்று பார்ப்போம். நீ பாட, மகள் வாசிக்க, இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் பதிய வேண்டும். ஆகவே இரண்டு மைக் பிரீஆம்ப்கள் கட்டாயம். போகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் சோலோ என்னும் சிறிய பெட்டி பலருக்கும் பிடித்தது, ஆனால் அதில் மைக் பிரீஆம்ப் ஒன்றுதான். மற்றொரு துளை கிட்டாருக்கோ கீபோர்டுக்கோ உரியது. விலையைப் பார்த்து அதை வாங்கியவர்கள் ஓராண்டுக்குள் அதே வரிசையில் இரண்டு பிரீஆம்ப் உள்ள 2ஐ2-க்கு மாறியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல கண்டென்சர் மைக்குகள் பெரும்பாலும், மைக் கேபிள் வழியாகவே பெட்டி அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான பேண்டம் பவர் இல்லாமல் உயிர் பெறாது. அந்த வசதி பெட்டியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். கச்சேரி மேடையில் நாம் பயன்படுத்திய டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. ஆனால் அந்த மைக்கில் மெதுவாகப் பாடினால் பிரீஆம்பை ஏறக்குறைய முழுவதும் திருக வேண்டியிருக்கும். மலிவான பெட்டிகள் இரையத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

வீணையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மகளின் வீணையில் கச்சேரிக்காக, அதிர்வை நேராக மின்சைகையாக்கும் ஒட்டுப் பிக்கப் பொருத்தியிருப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பிக்கப்பை நேரடியாக மைக் துளையிலோ லைன் துளையிலோ செருகினால் மந்தர ஸ்தாயியின் கனம் வடிந்து, கம்பியின் உலோக ஒலி மட்டும் தகரம்போல் மிஞ்சும். பிக்கப்பின் மின்தடை மிக அதிகம். அதை வாங்கிக்கொள்ளும் துளையின் தடை அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். கிட்டார்க்காரர்களுக்காக இந்தப் பெட்டிகள் பலவற்றில் இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நுழைவாயிலின் தடை ஏறத்தாழ ஒரு மெகா ஓம் அளவுக்கு உயரும், வீணையின் அடிக்கனமும் திரும்பி வரும். இருந்தாலும் வீட்டுப் பதிவுக்கு என் தேர்வு மைக்தான். பலாமரக் குடம் காற்றில் எழுப்பும் நாதத்தைப் பிக்கப் கேட்பதில்லை. குடத்துக்கு ஒன்றரை அடி தள்ளி, மேலிருந்து சற்றே சாய்த்து வைத்த ஒரு கண்டென்சர் மைக் கேட்கும். மீட்டல் முடிந்த பிறகும் கமகம் அசைந்து அசைந்து அடங்குவது அதில்தான் முழுமையாகப் பதியும்.

அடுத்தது தாமதம், அதாவது லேட்டன்சி. கடைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆனால் இசைக்காரனை மிகவும் துன்புறுத்துவது இதுதான். மைக்கில் வந்த ஒலியைக் கணினி சிறுசிறு கட்டுகளாகச் சேர்த்துத்தான் வாங்கும். அந்தக் கட்டின் அளவைத்தான் பஃபர் என்கிறார்கள். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, அதாவது 48,000 மாதிரிகள் எடுக்கும் கணக்கில், 1024 மாதிரிகள் கொண்ட பஃபர் 21 மில்லி நொடிகளை விழுங்கும், திரும்பி வரும்போது இன்னொரு முறை விழுங்கும். 128 என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி நொடிதான். நம் மெல்லிசைக் குழுவின் மேடையை நினைத்துப் பார். உன் கீபோர்டின் ஸ்பீக்கர் உனக்கு மூன்று மீட்டர் தள்ளி இருந்தது. அந்தத் தொலைவைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 9 மில்லி நொடிகள் ஆகும், அதை நீ ஒரு நாளும் உணர்ந்ததில்லை. நாற்பது மில்லி நொடி என்றால் மேடையின் மறுகோடியையும் தாண்டி எங்கோ நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதைப் போன்றது, தாளம் கட்டாயம் பின்வாங்கும்.

பஃபரைச் சிறிதாக வைத்தும் ஒலி உடையாமல் இருக்க வேண்டுமானால், அது பெட்டியின் தரத்தைப் போலவே அதைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளையும் பொறுத்தது. விண்டோஸ் தன் வழக்கமான பாதையில் எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்துதான் வெளியே விடும், அதனால் தாமதம் கூடும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஆசியோ என்னும் முறை அந்தக் கலவையைத் தாண்டி இசை மென்பொருளையும் பெட்டியையும் நேராக இணைக்கிறது. பெட்டியைத் தயாரித்த நிறுவனமே தனக்கென எழுதிய ஆசியோ டிரைவரைத் தருகிறதா, உன் விண்டோஸ் பதிப்புக்கு அது இன்றும் கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடு. பாடும்போது இந்தத் தாமதத்தை முற்றிலும் தவிர்க்கவும் ஒரு வழி உண்டு: டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தானை அழுத்தினால், உன் குரல் கணினிக்குள் போய் வராமல் பெட்டியிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். கீபோர்டை வைத்துக் கணினிக்குள் இருக்கும் வாத்தியங்களை வாசிக்கும்போது அந்த வழி உதவாது, அங்கே டிரைவர்தான் கதி.

பிட், கிலோ ஹெர்ட்ஸ் எண்களைப் பற்றி நீ மிகவும் கவலைப்பட்டிருந்தாய். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 24-பிட் கட்டாயம் வேண்டும். 16-பிட்டின் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளி, 96 டெசிபெல். 24-பிட்டில் அது கணக்குப்படி 144 டெசிபெல், நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவென்றாலும் போதுமான இடம் மிஞ்சும். ஆகவே அளவைச் சற்றுத் தாழ்வாக, மிக உரத்த இடமும் பெட்டியின் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே (கழித்தல் 12) நிற்கும்படி வைத்துப் பதியலாம். யாராவது மிருதங்கத்தின் வலந்தலையில் திடீரென்று ஓங்கித் தட்டினாலும் ஒலி கிழியாது. நொடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள் என்பதைச் சொல்லும் 192 கிலோ ஹெர்ட்ஸ் என்ற எண் பெட்டியின் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து மயங்காதே. மனிதக் காது கேட்பது சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான். அதை முழுவதுமாகப் பிடிக்க 44.1 அல்லது 48 போதும். 24-பிட்டில், 48-இல் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் எடுக்கும் இடத்தில், 192-இல் அது 34 மெகாபைட்டைத் தாண்டிக் கணினியின் மூச்சை வாங்கும்.

எதை வாங்கலாம் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாய். பெஹ்ரிங்கர் யுஎம்2 மிக மலிவானது, ஆனால் 16-பிட்தான், பிரீஆம்பும் ஒன்றுதான், உனக்குப் பொருந்தாது. ஸ்கார்லெட் 2ஐ2 நல்ல பெட்டி, என் மருமகன் அதைத்தான் வைத்திருக்கிறார். ஆனால் உன் பழைய கீபோர்டை நினைத்துப் பார்: அதன் பின்னால், எந்தக் கட்டையை அழுத்தினாய் என்ற செய்தியை அனுப்பும் ஐந்து முனை மிடி துளைதான் இருக்கிறது, யுஎஸ்பி கிடையாது; 2ஐ2-இல் அந்த மிடி துளை இல்லை. கச்சேரிக்குக் கச்சேரி நாம் தோளில் சுமந்த அந்தக் கீபோர்டின் கட்டைகள் இன்றும் உன் விரலுக்குப் பழகியவை என்று எழுதியிருக்கிறாயே, அதைவிட்டு நீ வேறொன்றை வாங்க வேண்டாம். மிடி துளையோடு இரண்டு பிரீஆம்ப்களும் உள்ள பெட்டிகளில் எனக்குத் தெரிந்தவை இரண்டு. பெஹ்ரிங்கர் யுஎம்சி204எச்டி விலையில் குறைவு, 24-பிட், தனக்கென ஆசியோ டிரைவரும் உண்டு. மோட்டு எம்2 விலையில் கூடுதல், ஆனால் அதன் முகப்பில் உள்ள சிறு திரையில் ஒலி அளவு தெளிவாகத் தெரியும், டிரைவரும் மிக விரைவானது. என் கையில் பணம் இருந்தால் எம்2. ஆனால் அந்த வேறுபாட்டுத் தொகைக்கு நல்ல கண்டென்சர் மைக் ஒன்று கிடைக்குமென்றால், தயங்காமல் யுஎம்சி204எச்டியும் மைக்குமாக வாங்கு. பெட்டியை மாற்றினால் கேட்கும் வேறுபாட்டைவிட மைக்கை மாற்றினால் கேட்கும் வேறுபாடு பெரிது.

இங்கே சென்னை ரிச்சி தெருவில், யுஎஸ்பி அல்லாத வேறு வகைத் துளையில் செருகும் பழைய ஃபயர்வயர் பெட்டிகளைக் குறைந்த விலையில் தருகிறார்களே, வாங்கி அனுப்பட்டுமா என்று உன் மைத்துனர் கேட்டதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஒரு காலத்தில் அவை அருமையான பெட்டிகள், ஆனால் உன் கணினியில் அந்தத் துளையே இருக்காது, புதிய விண்டோஸுக்கு டிரைவர் கிடைப்பதும் அரிது.

பெட்டி வந்ததும் கணினியின் பின்பக்க யுஎஸ்பி துளையில் நேராகச் செருகு. நடுவில் ஹப் எதுவும் வேண்டாம். கணினியையும் ஸ்பீக்கர்களையும் ஒரே மின்பலகையில் இணைத்துவிடு. வெவ்வேறு பிளக்குகளில் இணைத்தால் எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகி, ம்ம் என்ற ரீங்காரம் வந்துகொண்டே இருக்கும். உங்கள் வீடு பழையது, ஆகவே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல். கணினிப் பெட்டியின் விசிறிச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க, மூன்று மீட்டர் யுஎஸ்பி கேபிள் வாங்கிக் கணினியை அறை மூலைக்குத் தள்ளிவிடலாம். பதிவு நடக்கும்போது கூரை மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். கூடத்தில் பதியாமல், பாயும் தலையணையும் அடுக்கிய உள்ளறையில் பதிந்தால் எதிரொலியும் குறையும். விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் தெருவில் இருக்கும் அமைதி எனக்கு நினைவிருக்கிறது, அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் தஞ்சாவூர் வருகிறேன். என்னிடம் கண்டென்சர் மைக் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அதையும் ஒரு ஸ்டாண்டையும் எடுத்து வருகிறேன். ஆகவே இப்போதைக்கு நீ ஒரு மைக் வாங்கினால் போதும். அதற்கு முன்பே பெட்டி வந்துவிட்டால், யாரும் பாடாமலும் வாசிக்காமலும் உள்ளறையின் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிந்து எனக்கு அனுப்பு. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அதைக் கேட்டே சொல்லிவிடுவேன்.

மகளுக்கு என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்